கொலுத் தரையில் குயவர் எங்கே?

கொலுவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் படிகளோடு நின்றுவிடுகிறார்கள். மூணு, அஞ்சு, ஏழு, ஒன்பது என்ற ஒற்றைப்படைக் கணக்கு, மேலே கலசம், மரப்பாச்சி ஜோடி, தசாவதார செட் எல்லாம் முன்னோர் முடிவு பண்ணி வைத்தது. வீட்டுக்காரர் சொந்தமாக யோசிக்கிற இடம் படிக்குக் கீழே, தரையில். மணல் பரப்பி, கேழ்வரகு தெளித்து, முகம் பார்க்கும் கண்ணாடியைக் குளமாக்கி, சின்னச் சின்ன வீடுகள் வைத்து ஒரு ஊரையே எழுப்புகிறார்கள். நவராத்திரியில் வில்லியனூர், பாகூர் பக்கம் போனால் நான் முதலில் பார்ப்பது இந்த ஊரைத்தான். என் விமர்சனமும் இதன் மேல்தான்.

அளவு பொருந்தவில்லை என்று குறை சொல்ல மாட்டேன். பசு வீட்டைவிட உசரமா நிற்கட்டும். செட்டியார் பொம்மையும் தன் கடையைவிடப் பெரிசாகத்தான் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் அவர் முன்னால் நிஜ அரிசி, நிஜ பருப்பு. அவர் வேலை செய்கிறார். கொலுவிலேயே உயிருள்ள பொம்மை அவர்தான்.

தரையில் இருக்கிற ஊரில் அப்படி யாருமில்லை. கடையில் வாங்குகிற கிராமத்து செட்டில் கோயில், கிணறு, மாட்டு வண்டி இருக்கும். நாற்று நடுகிற பெண்கள் அபூர்வம். காலனித் தெரு கிடையாது. புதுச்சேரி கிராமம்னு சொல்லிட்டு சாராயக்கடை இல்லாமல் எப்படி? பாகூர் வீட்டுக் கொலுவிலாவது ஏரியும் மதகும் வரணுமே, அங்கேயும் பிளாஸ்டிக் கிரிக்கெட் மைதானம்.

எல்லாவற்றையும்விட உறுத்துவது, இந்த ஊரில் குயவர் இல்லாதது. வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. அந்தக் கலைக்காக வி.கே. முனுசாமிக்கு 2020-ல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அவ்வளவு பேர் வாங்கிய மண்ணில், பொம்மை செய்த கைக்குப் பொம்மை ஊரில் ஒரு வீடு இல்லை. பொம்மைக்கு மரியாதை, செய்தவருக்கு இடமில்லை என்பது பழைய கணக்கு. அதைத்தான் ஒன்பது நாளும் விளக்கு வைத்துக் காட்டுகிறோம்.

லூர்து மாதா கோயில் இருக்கிற இதே வில்லியனூரில் டிசம்பர் வந்தால் கிறிஸ்துமஸ் குடில் போடுகிறார்கள். பெத்லகேமுக்குக் கூரை நம்ம ஊர் வைக்கோல்தான். அதைவிட முக்கியம், ஆடு மேய்க்கிறவர்கள் அதில் கட்டாயம். அவர்கள் இல்லாமல் கதையே நகராது. கொலுத் தரைக்கு அப்படி ஒரு கட்டாயத்தை யாரும் வைக்கவில்லை. அதனால் வீட்டுக்காரர் யாரை நினைக்கிறாரோ அவரே குடியேறுகிறார், யாரை மறக்கிறாரோ அவர் வெளியே நிற்கிறார்.

குழந்தைகளுக்கு மைதானம் பிடிக்கும், இருந்துட்டுப் போகட்டும். அதன் பக்கத்தில் விரலளவு களிமண்ணில் ஒரு திருகை, ஒரு சூளை, சேறு படிந்த கையோடு ஒரு ஆள். குழந்தைகளே பிசைந்து செய்துவிடுவார்கள், காசு கொடுத்து வாங்க வேண்டியதுகூட இல்லை.