வாய் பிளக்கும் பாலம்

பாம்பன் சாலைப் பாலத்தில் பேருந்து ஏறியதும் எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பும். கீழே ரயில் பாலம். 1914இல் திறந்த பழையதன் பக்கத்திலேயே 2025 ஏப்ரலில் திறந்த புதியதைக் கட்டினார்கள்.

எனக்குப் பழையதன் மேல்தான் மையல். ஷெர்சர் என்ற அமெரிக்கப் பொறியாளர் வகுத்த முறை அது. நடுவில் இரண்டு இரும்புச் சிறகுகள். அந்த நாளில் கப்பல் வந்தால் ஆட்கள் நெம்புகோலைப் பிடித்துச் சுற்றிச் சுற்றி நடப்பார்கள். செக்கு மாட்டு நடைதான். சிறகு விறைப்பாக எழும்பாது. அடிப்பக்கம் வளைவாக இருப்பதால் சாய்வு நாற்காலி பின்னால் சாய்வதுபோல உருண்டுகொண்டே மேலே போகும். மறுமுனையில் உள்ள எடைதான் பாதி வேலையைச் செய்யும். இருந்தாலும் அத்தனை இரும்பைத் தோள்பலத்தில் திறந்தார்கள் என்பதை இன்றும் என்னால் எளிதாக நம்ப முடியவில்லை.

1964 புயல் பாலத்தைக் குதறிப்போட்டது. ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரனின் குழு 46 நாளில் சீராக்கியது. சிறகுகள் தப்பியிருந்தன.

புதியதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு மின்மோட்டாரில் அப்படியே 17 மீட்டர் மேலே போகிறது, லிஃப்ட் மாதிரி. ரயிலும் ஊர்ந்து போக வேண்டியதில்லை. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பழைய பாலத்தில் ரயில் ஊர்ந்ததால்தானே ஜன்னலோரம் அவ்வளவு நேரம் கடல் பார்த்தோம்!