எங்கள் பதினொன்றாம் நம்பர்

பெங்களூரின் அல்சூர் கௌதமபுரத்தில் பெலேவுக்குச் சிலை உண்டு. அம்பேத்கர், புத்தர், அன்னை தெரசா சிலைகளோடு அவரும் நிற்கிறார். உலகக் கோப்பை வந்துவிட்டால் தெரு முழுக்க பிரேசிலின் மஞ்சளும் பச்சையும்தான். ஐ.டி.ஐ., எச்.ஏ.எல். என்று பொதுத்துறை அணிகளுக்குப் பந்தாடப் போய், அந்த ஆட்டத்தாலேயே வேலை கிடைத்துக் குடும்பத்தைக் கரையேற்றியவர்கள் இந்தத் தமிழ்த் தெருக்களில் பலர். என் நைனாவும் அப்படி விங்கில் ஓடியவர்தான். பெலேயை நாங்கள் கும்பிட்டோம், ஆனால் நேரில் பார்த்ததில்லை. நான் கண்ணாரப் பார்த்து, தொண்டை கட்டக் கத்திக் கொண்டாடியது சுனில் சேத்ரியை.

2013இல் சேத்ரியின் பெங்களூரு எஃப்.சி. புதிதாக முளைத்தபோது முதல் சீசனை அசோக்நகர் கால்பந்து மைதானத்தில் ஆடினார்கள். நைனாவைக் கையோடு கூட்டிக்கொண்டு போனேன். அரை மணி நேரம் ஒன்றும் பேசாமல் பார்த்தவர் மெதுவாகச் சொன்னார்: “டேய் கண்ணு, ஆளு குள்ளம்தான். ஆனா ஹெட்டிங்ல ஒருத்தனும் கிட்ட வர முடியல பாரு.” சேத்ரியின் மொத்த ரகசியமும் அதுதான். உயரம் ஐந்தரை அடிக்குச் சற்று மேல், அவ்வளவே. பந்து எங்கே இறங்கும் என்று தடுப்பாட்டக்காரருக்குத் தெரிவதற்கு அரை நொடி முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். மற்றவர்கள் எம்பும்போது அவர் ஏற்கெனவே காற்றில் இருப்பார். அந்த முதல் சீசனிலேயே ஐ-லீக் கோப்பை பெங்களூருக்கு வந்தது.

அதற்கு முன் அவர் சுற்றிய ஊர்களுக்குக் கணக்கில்லை. செகந்திராபாத்தில் பிறந்த ராணுவக்காரர் மகன், 2002இல் மோகன் பகானில் தொடங்கி, அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி, போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் பி அணி வரை போய் வந்தவர். வேர் பிடித்தது இங்கேதான். ராணுவ முகாமை ஒட்டியே வளர்ந்த அல்சூருக்கு ராணுவ வீட்டுப் பிள்ளை எப்படி அந்நியமாக முடியும்?

2016 அக்டோபர் 19. ஏ.எஃப்.சி. கோப்பை அரையிறுதியின் இரண்டாம் ஆட்டம். எதிரே மலேசியாவின் ஜொகூர் அணி, முந்தைய ஆண்டின் சாம்பியன். அல்சூர் ஸ்டேஷனில் மெட்ரோ ஏறினால் டிரினிட்டி, எம்.ஜி. ரோடு தாண்டி மூன்றாவது நிறுத்தம் கப்பன் பார்க். இறங்கி நடந்தால் கண்டீரவா மைதானம். வண்டி முழுக்க நீல ஜெர்சி. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே ஜொகூர் கோல் போட்டுவிட்டது. கேலரி அப்படியே அடங்கிப்போனது. இடைவேளைக்குச் சற்று முன் ஒரு கார்னர் கிக். அத்தனை நெட்டையர்களுக்கு நடுவில் நம் குள்ளர் எம்பி, தலையால் முட்டி, வலைக்குள் போட்டார்! பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத கன்னடக்காரரைக் கட்டிப்பிடித்தேன். இரண்டாம் பாதியில் பெனால்டி பெட்டிக்கு வெளியிலிருந்து ஓர் உதை. அந்தப் பந்து போன போக்கு இன்றும் என் கண்ணுக்குள் நிற்கிறது. பிறகு எங்கள் அணியின் ஹுவானன் மூன்றாவதைப் போட்டார். 3-1. இந்தக் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்குப் போன முதல் இந்திய அணி நாங்கள்! தோஹாவில் ஈராக்கின் விமானப்படை அணியிடம் 1-0 என்று தோற்றோம். வலித்தது. ஆனால் அந்த அக்டோபர் இரவை எந்தத் தோல்வியாலும் அழிக்க முடியாது.

அந்த இரவுக்கு இன்னொரு வேரும் உண்டு. நெதர்லாந்தின் யோஹன் க்ரைஃப் 1973இல் ஆட்டக்காரராகப் பார்சிலோனாவுக்குப் போனார். பின்னர் அங்கேயே பயிற்சியாளராகி, 1992இல் அந்த அணிக்கு முதல் ஐரோப்பியக் கோப்பையை வாங்கித் தந்தார். காலியிடத்தைத் தேடிப் பிடித்துப் பந்தை விடாமல் சுற்றவிடும் ஆட்டத்தை அங்கே ஊன்றியவர் அவர். ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸ் அணியில் அவர் பயிற்சியில் ஆடிய இன்னொரு டச்சுக்காரர் ஃபிராங்க் ரைக்கார்ட், பார்சிலோனா பயிற்சியாளராக 2006இல் சாம்பியன்ஸ் லீக் வென்றார். அந்த ரைக்கார்டின் உதவியாளராக இருந்த ஆல்பர்ட் ரோகாதான் 2016இல் பெங்களூருக்குப் பயிற்சியாளராக வந்தவர். ஆம்ஸ்டர்டாமில் முளைத்த ஒரு பந்தாட்டம் கைமாறிக் கைமாறி எங்கள் வீட்டிலிருந்து மூன்று நிறுத்தம் தள்ளி வந்து சேர்ந்தது என்பதை நினைத்தால் இன்றும் புல்லரிக்கிறது.

2023 ஜூன் 21, தெற்காசிய நாடுகளுக்கான சாஃப் போட்டி. கொட்டுகிற மழை, எதிரே பாகிஸ்தான். பத்தாவது நிமிடம் அவர்களுடைய கோல்கீப்பர் காலில் பந்தை வைத்துக்கொண்டு சற்றே தாமதித்தார். முப்பத்தெட்டு வயது சேத்ரி இருபது வயதுப் பையன்போல் பாய்ந்து போனார். கோல்கீப்பர் தடுமாறினார். பந்து வலையில்! அதன்பின் இரண்டு பெனால்டி; ஹாட்ரிக். 2005இல் குவெட்டாவில் அவர் இந்தியாவுக்காக முதல் கோல் போட்டதும் இதே பாகிஸ்தானுக்கு எதிராகத்தான். பதினெட்டு வருடம் கழித்தும் அதே பசி. அவருடைய பெனால்டிகளைவிட, பலர் சாதாரணமாகக் கடந்துபோகும் அன்றைய முதல் கோலே எனக்கு உசத்தி. வருமா வராதா என்று தெரியாத பந்துக்காக ஓடுவதுதான் சேத்ரி.

2024 ஜூன் 6, கொல்கத்தாவில் குவைத்துக்கு எதிராக ஆடி, 94 கோல்களோடு சர்வதேச ஆட்டத்துக்கு விடை சொன்னார். அப்போது ஆடிக்கொண்டிருந்தவர்களில் ரொனால்டோவும் மெஸ்ஸியும் மட்டுமே அவருக்கு மேலே. டிவி முன்னால் நைனாவும் நானும் அழுதோம். அதே ஆண்டு டிசம்பரில், நாற்பது வயதில், கண்டீரவாவில் கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிராக ஹாட்ரிக் அடித்தார். ஐ.எஸ்.எல். வரலாற்றில் அவ்வளவு வயதில் வேறு யாரும் அடித்ததில்லை. மறு மார்ச்சில் ஷில்லாங்கில் இந்திய ஜெர்சியை மீண்டும் மாட்டிக்கொண்டு மாலத்தீவுக்கு எதிராக 95ஆவது கோலையும் போட்டார்.

கௌதமபுரத்துப் பெரியவர்களே, உங்கள் பிள்ளையாகக் கேட்கிறேன். அடுத்த சிலை வைக்கும் நாள் வந்தால், பெலேவுக்குப் பக்கத்தில் பதினொன்றாம் நம்பர் ஜெர்சியோடு இவரை வையுங்கள். முதல் ஆளாக என் நன்கொடையை எழுதிக்கொள்ளுங்கள்.