வளைந்தால் போதுமா?
('லைட் ஆன் யோகா' நூல் பற்றி ஒரு விமரிசனம்)

யோகாசனம் பயில விரும்புவோர் தேடிப் படிக்கும் நூல்களுள் பி.கே.எஸ். ஐயங்காரின் 'லைட் ஆன் யோகா' முதன்மையானது. 1966-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த இந்நூலுக்கு வயலின் மேதை யெஹுதி மெனுஹின் முன்னுரை வழங்கினார். ஏறத்தாழ 200 ஆசனங்கள், 600 படங்கள், ஒவ்வோர் ஆசனத்துக்கும் 1 முதல் 60 வரை கடுமையைக் காட்டும் ஓர் எண். இத்தனை ஒழுங்கு அதற்கு முன் வந்த நூல்களில் அரிது. எனினும் பௌதிகக் கண் கொண்டு பார்த்தால் ஒரு குறை தென்படுகிறது. அது தொடையின் பின்தசைகளைப் பற்றியது.

ஒவ்வொரு தொடையிலும் இத்தசைகள் மூன்று. நாம் உட்காரும்போது தரையில் அழுந்தும் இடுப்பெலும்பு முனையில் தொடங்கி, முழங்காலுக்குக் கீழே சென்று முடிகின்றன. உத்தானாசனத்துக்காக முன்னே குனிகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோ எடையுள்ளவரின் மேலுடல் ஏறத்தாழ 40 கிலோ. முதுகு தரைக்கு இணையாக வரும்போது அதன் எடை மையம் இடுப்பு மூட்டிலிருந்து சுமார் 30 செ.மீ. தள்ளி நிற்கும். அதைத் தாங்கும் தசைகளோ மூட்டிலிருந்து 6 செ.மீ. தொலைவில்தான் இழுக்கின்றன. நெம்புகோல் விதிப்படி 40 × 30 ÷ 6 = 200 கிலோ எடைக்குச் சமமான விசை தேவை. இரு கால்களின் பின்தசைகளும் பிட்டத் தசைகளும் இச்சுமையைப் பகிர்ந்துகொள்கின்றன.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. நீலகிரி மலை ரயிலைப் பாருங்கள். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே, 12 அடிக்கு 1 அடி உயரும் பற்சக்கரப் பாதையில், எஞ்சின் பெட்டிகளுக்குக் கீழ்ப்புறத்திலேயே இருக்கும். ஏறும்போது தள்ளும், இறங்கும்போது பெட்டிகளைத் தாங்கிக்கொண்டே பின்வாங்கும். குனியும்போது பின்தசை செய்வதும் இதுவே. நீண்டுகொண்டே சுமையைத் தாங்குகிறது. அந்த வலிமை இல்லாத தசையை மேலும் மேலும் நீட்டுவது, தடுப்புச் சரியில்லாத வண்டியைச் சரிவில் விடுவது போன்றது.

நூலில் அனுமனாசனத்துக்கு 36 என்ற எண் தரப்பட்டுள்ளது. கால்களை முன்னும் பின்னுமாக முழுதும் நீட்டி அமரும் இந்நிலை, ஓட்டக்காரர்களுக்கு நல்லது என்கிறார் ஆசிரியர். ஆனால் இளமையில் மைசூரில், குரு கிருஷ்ணமாச்சாரியாரின் கட்டளைப்படி ஒருவர் முன்னிலையில் இதே ஆசனத்தைச் செய்தபோது தமது பின்தசை கிழிந்ததைப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். ஆசனத்தின் பயன்களைக் கூறும் பக்கத்தில் இந்த அனுபவமும் இருந்திருந்தால், படம் பார்த்துப் பழகுவோருக்கு அது பெரும் எச்சரிக்கையாகியிருக்கும்.

ஓட்டக்காரர்களைப் பற்றிய கூற்றும் மறு ஆய்வுக்குரியது. மண்டியிட்டு, கணுக்கால்களை ஒருவர் பிடித்துக்கொள்ள, உடலை மெல்ல முன்னே சாயவிடும் பயிற்சி ஒன்று உண்டு. இதைச் செய்யும் விளையாட்டு வீரர்களிடையே பின்தசைக் காயங்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைவதாக, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2019-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. வெறுமனே நீட்டும் பயிற்சிக்கு இத்தகைய சான்று இல்லை.

1966-இல் இதெல்லாம் தெரிந்திருக்க வழியில்லை என்பது உண்மை. மருந்தும் இதே நூலில்தான் இருக்கிறது. கடுமை எண் 1 உள்ள சலபாசனமும், ஒற்றைக் காலில் உடலைக் கிடையாகத் தாங்கும் மூன்றாம் வீரபத்ராசனமும் பின்தசையை வலுப்படுத்துபவை. குனியும் ஆசனங்களுக்கு இவை காவல் என்பதைத்தான் நூல் எடுத்துச் சொல்லவில்லை.

தேயிலைச் சரிவுகளில் அன்றாடம் ஏறி இறங்குவோருக்கு இது எதற்கு என்று கேட்கலாம். ஏற்றத்தில் பின்தசை உழைப்பது உண்மைதான். ஆனால் முழுதும் நீண்ட நிலையில் அன்று. இறக்கத்திலோ முன்தொடைக்கே வேலை அதிகம். ஆகவே மலைவாசிகளுக்கும் தனிப்பயிற்சி தேவை. மல்லாந்து படுத்து, முழங்கால் மடக்கி, குதிகாலை ஊன்றி இடுப்பை உயர்த்தி மெதுவாக இறக்குங்கள். உதகையின் குளிர்ந்த காலையில் சற்று நடந்த பிறகே குனியுங்கள். முழங்காலைச் சிறிது மடக்கிக்கொள்வதில் இழுக்கில்லை. உட்காரும் எலும்பில் வலித்தால், இன்னும் நீட்டினால் சரியாகும் என்று எண்ண வேண்டாம். குனியும்போது அங்கே தசைநாண் எலும்போடு அழுத்தப்படுகிறது. வலி கூடவே செய்யும். மருத்துவரிடம் காட்டுவதே முறை.

ஐயங்காரின் நூலை அலமாரியிலிருந்து எடுத்துவிட வேண்டியதில்லை. தலை முழங்காலைத் தொடும் படத்தைப் புரட்டுமுன், சலபாசனப் பக்கத்தில் சில மாதங்கள் தங்குங்கள்.