இலையைப் பார்த்து நடக்கும் சாலை

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் இலைச் சாப்பாடு போடும் கடைக்குப் போனால், சாப்பாட்டைவிடப் பரிமாறுகிறவரைத்தான் நான் அதிகம் கவனிப்பேன். ஒவ்வொருவரிடமும் நின்று “சோறு வேணுமா?” என்று அவர் கேட்பதில்லை. குழம்பு தீர்ந்து வெறும் சோறாக நிற்கும் இலையும், பொரியல் இருந்த இடம் பளிச்சென்று தெரியும் இலையும் தூரத்திலேயே அவர் கண்ணில் பட்டுவிடும். வாய் சொல்கிற ‘போதும்’ பாதி நேரம் உபசாரம். அவர் நம்புவது இலையை. மடித்த இலையைத் தாண்டி வாளி போய்க்கொண்டே இருக்கும்.

இதே கைப்பக்குவம் இவ்வூர்ச் சாலைகளுக்குமேல் நின்று கட்டணம் வசூலிக்கும் கேன்ட்ரிகளிலும் உண்டு. மின்னியல் சாலைக் கட்டணத்தை, அதாவது நம் இஆர்பியை, வையாத ஓட்டுநர் இல்லை. ரசிக்கவும் ஓர் ஆள் வேண்டாமா?

அதற்கு முன்னோடியாக, நகர மையத்துக்குள் கார் நுழைய 1975 ஜூனில் தொடங்கியது தாள் உரிமம். நாளுக்கு 3 வெள்ளி. கண்ணாடியில் ஒட்டியிருக்கிறதா என்று நகர மைய எல்லையில் அதிகாரிகள் நின்று பார்ப்பார்கள். காலை 7.30 முதல் 9.30 வரை என்று விதித்தார்கள். 9.30 அடித்ததும் காத்திருந்த கார்கள் முண்டியடித்தன. சில வாரங்களிலேயே நேரத்தை 10.15 வரை நீட்டினார்கள். 1998இல் மின்னியல் முறை வந்தது.

அதில் எனக்குப் பிடித்தது, அதிகாரிகள் எதை அளக்கிறார்கள் என்பதுதான். எத்தனை கார் என்பதல்ல, என்ன வேகம் என்பதே கேள்வி. விரைவுச்சாலையில் மணிக்கு 45 முதல் 65 கிலோமீட்டர், மற்றப் பெரிய சாலைகளில் 20 முதல் 30. வேகம் கீழ் எல்லைக்கும் கீழே போனால் கட்டணம் ஏறும். மேல் எல்லையைத் தாண்டினால் இறங்கும்! காலியாகக் கிடக்கும் சாலையும் இவர்கள் கணக்கில் குறைதான்.

முன்பு சராசரி வேகத்தைப் பார்த்தார்கள். பந்தியில் பாதிப் பேருக்கு இரண்டு கிண்ணம் பாயசம் ஊற்றி, மீதிப் பேரை வெறும் இலையோடு அனுப்பிவிட்டு, தலைக்கு ஒரு கிண்ணம் என்று எழுதுகிற கணக்கு அது. 2008 முதல், ஓடும் வாகனங்களில் 85 விழுக்காடாவது அந்தக் கீழ் வேகத்தை எட்டுகிறதா என்று பார்க்கிறார்கள். கடைசி வரிசைக்கும் பாயசம் போனதா என்று எட்டிப் பார்ப்பது போல.

மறுஆய்வு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறைக்குத் தனியாக. நிமிடத்துக்கு நிமிடம் விலையை மாற்றுவது கெட்டிக்காரத்தனமாகத் தோன்றலாம், ஆனால் வீட்டில் சாவியை எடுக்கும்போதே கட்டணம் தெரியாவிட்டால் எவர் முடிவை மாற்றிக்கொள்வார்? இந்த நிதானத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

கட்டணம் மாறும் நேரத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. ஏறப்போகிறது என்றால் சிலர் கேன்ட்ரியை நோக்கிப் பறந்தார்கள். இறங்கப்போகிறது என்றால் ஓரமாக ஊர்ந்தார்கள். 2003இல் இரண்டு கட்டணங்களுக்கும் இடைப்பட்ட ஐந்து நிமிடப் படி ஒன்றை வைத்தார்கள். 2020 ஏப்ரலில் நோய்த்தொற்றால் சாலைகள் வெறிச்சோடியபோது கட்டணத்தையே நிறுத்தினார்கள். ஜூலையில் நெரிசல் திரும்பிய சில விரைவுச்சாலைகளில் மட்டும் மீண்டும் வசூலித்தார்கள்.

குறை இல்லாமல் இல்லை. கேன்ட்ரிக்கு வேகம் தெரியும், பணப்பை தெரியாது. ஒருவர் கவனிக்காமலே கட்டும் இரண்டு வெள்ளியை இன்னொருவர் மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்துக் கட்டுவார்.

நடக்கிறவர்களுக்கும் ஒன்று செய்திருக்கிறார்கள். 2009இல் அறிமுகமான ‘கிரீன் மேன் பிளஸ்’ வசதியுள்ள பாதசாரிக் கடப்புகளில் மூத்தோர் தம் சலுகை அட்டையைத் தட்டினால், கடக்கும் தூரத்தைப் பொறுத்து 3 முதல் 13 விநாடிவரை பச்சை விளக்கு கூடுதலாக எரியும். ஒருநாள் முருங்கைக்காய் துருத்திக்கொண்டிருந்த பையோடு ஒரு பாட்டி அட்டையைத் தட்டிவிட்டு இறங்கினார். பாதிச் சாலையில் நின்று பையைக் கை மாற்றிக்கொண்டார். பச்சை அப்போதும் எரிந்துகொண்டிருந்தது.