வம்சப் புகழும் வரலாற்றெழுத்தும்: சேர்ச்சிலின் ‘மார்ல்பரோ’ நூல் குறித்து ஒரு நோக்கு

வாழ்க்கை வரலாறு என்னும் இலக்கிய வகை தனிமனிதர் ஒருவரைப் பற்றியதாகத் தோன்றினும், பல வேளைகளில் அது ஒரு வர்க்கம் தன்னை நியாயப்படுத்தும் முயற்சியாகவே அமைந்துவிடுகின்றது. 1933க்கும் 1938க்கும் இடையில் நான்கு தொகுதிகளாக வெளிவந்த வின்ஸ்ரன் சேர்ச்சிலின் ‘மார்ல்பரோ: அவரது வாழ்வும் காலமும்’ இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். நூலின் நாயகர் முதலாம் மார்ல்பரோ கோமகனான ஜோன் சேர்ச்சில் (1650–1722) என்ற படைத்தலைவர். நூலாசிரியரோ அவரது வழித்தோன்றல்; 1874இல் அக்குடும்பத்தின் பிளெனிம் மாளிகையிலே பிறந்தவர்.

நூலின் உடனடி நோக்கம் மக்கோலேயை மறுத்தலாகும். மக்கோலே தமது இங்கிலாந்து வரலாற்றிலே கோமகனைப் பேராசைக்காரராகவும் துரோகியாகவும் சித்திரித்தார். 1694இல் பிறெஸ்ற் துறைமுகத் தாக்குதல் பற்றிய செய்தியை எதிரிக்கு அறிவித்தார் என்பது அவற்றுட் கடுமையான குற்றச்சாட்டு. அதற்குச் சான்றாகக் காட்டப்பட்ட கடிதத்தின் நம்பகத்தன்மையைச் சேர்ச்சில் விரிவாக ஆராய்ந்து ஐயுறுகின்றார். அவரது உழைப்பையோ, போர்க்கள வருணனைகளில் வெளிப்படும் உரைநடை ஆற்றலையோ நாம் குறைத்து மதிப்பிடவேண்டியதில்லை. ஆயினும் வழக்காடும் இருவரும் ஒரே தளத்திலேயே நிற்கின்றனர். மார்ல்பரோவின் வாழ்வு இருவருக்கும் தனிமனித ஒழுக்கப் பிரச்சினையே.

அவ்வொழுக்கத்துக்கு அடித்தளமான பொருளியலை நோக்குவோம். வறுமையுற்ற முடியாட்சி ஆதரவாளரின் மகனுக்குப் போரே செல்வத்தின் வாயிலாயிற்று. 1694இல் நிறுவப்பட்ட இங்கிலாந்து வங்கியும், பெருகிய தேசியக் கடனும், நிலவரியும் ஸ்பானிய வாரிசுரிமைப் போருக்கு (1701–1714) நிதி வழங்கின. 1704இன் பிளெனிம் வெற்றிக்குப் பரிசாக வூட்ஸ்டொக் நிலமும் மாளிகையும் கிடைத்தன. அஞ்சல் வருவாயிலிருந்து ஆண்டுக்கு 5,000 பவுண் பரம்பரைக் கொடையாயிற்று. படைகளுக்குப் பாண் வழங்கிய ஒப்பந்தகாரரிடம் பணம் பெற்றமை, அந்நியப் படைகளின் ஊதியத்தில் நூற்றுக்கு இரண்டரை வீதம் கழித்தமை ஆகிய குற்றச்சாட்டுகளின் பேரில் 1711இன் இறுதியில் அவர் பதவி நீக்கப்பட்டார். இவை வழமையான வரும்படிகள், உளவு வேலைக்குச் செலவானவை என்பதே அவரது விடை. வழித்தோன்றலும் அவ்விடையையே ஏற்கின்றார். ஆனால் ‘வழமை’ என்ற விடை தனிமனிதரை விடுவிக்கும் அதேவேளை, முழு அமைப்பையுமே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகின்றது என்பதை நூல் உணரவில்லை.

நூலின் பார்வைக்கு வெளியே நிற்போர் யார்? 1704இல் மார்ல்பரோவின் ஆணைப்படி எரிக்கப்பட்ட பவேரியக் கிராமங்களின் உழவரும், 1709இல் மல்பிளாக்கேயில் மாண்டும் காயமுற்றும் வீழ்ந்த நேசப்படையினர் 20,000க்கு மேற்பட்டோரும் போர்த்தந்திரத்தின் செலவுக் கணக்காகவே இடம்பெறுகின்றனர். இவ்விடத்தில் றொபேட் சௌதி 1796இல் எழுதிய ‘பிளெனிமுக்குப் பின்’ என்ற கவிதையை ஒப்புநோக்கலாம். ஓடையருகே அகப்பட்ட மண்டையோட்டைக் கையிலேந்தும் முதிய உழவன் வெற்றியைப் புகழ்கின்றான். அதனால் விளைந்த நன்மை யாதெனப் பேரன் கேட்கும்போதோ அவனிடம் விடையில்லை. சௌதி பின்னாளில் பழைமைவாதியாகி 1813இல் அரசவைக் கவிஞருமானார். ஆயினும் அவரது இளமைக்காலக் கவிதையின் வினா அழியவில்லை. நான்கு பெருந்தொகுதிகள் தவிர்த்த வினாவும் அதுவே.

சேர்ச்சிலின் நூல் அதன் காலத்துக்கும் உரியது. பதினான்காம் லூயிக்கு எதிரான கூட்டணியைப் போற்றுகையில் அவர் ஹிட்லரின் ஜேர்மனியையும் மனத்திற் கொண்டார் எனக் கருத இடமுண்டு. நாசிசத்தை அவர் எதிர்த்தமை வரலாற்றுண்மை. அதே ஆண்டுகளில், இந்தியாவுக்கு மட்டுப்படுத்தப்பட்ட சுயாட்சி வழங்கிய 1935ஆம் ஆண்டுச் சட்டத்தையும் அவர் கடுமையாக எதிர்த்தார் என்பதும் வரலாற்றுண்மையே. இம்முரண்பாடு தற்செயலானதன்று. ஐரோப்பியக் கோமகனின் வாளிலே விடுதலையைக் கண்ட பார்வைக்குக் குடியேற்ற நாட்டு மக்கள் வரலாற்றைப் படைப்போராகத் தோன்றவில்லை.

எனவே இந்நூலை வெறும் வம்சத்துதி என ஒதுக்குவது எளிது. ஆனால் அது திறனாய்வாகாது. ஆளும் வர்க்கம் தன் வருமானத்தை எவ்வாறு புகழாக மாற்றிக்கொள்கின்றது என்பதை அதன் பக்கங்களிலிருந்தே கற்றுக்கொள்வது பயனுடைத்து. அத்தகைய வாசிப்புக்கு மாளிகையின் நினைவுத்தூணைப் போலவே பாண் ஒப்பந்தக் கணக்கும் இலக்கியச் சான்றாகும்.