கிடங்கு வீடாகுமா? காவிரிப் படுகையின் பழைய வணிகக் கட்டடங்கள்

பழைய கட்டடத்தை இடிக்காமல் வேறு பயனுக்கு மாற்றுவதைத் தகவமைப்பு மறுபயன்பாடு என்பர். காவிரிப் படுகையில் இதற்குக் காட்டப்படும் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ஒரே திசையில் செல்பவை: வீடு விடுதியாகிறது. தரங்கம்பாடியில் ஆங்கிலேயக் கலெக்டர் குடியிருந்த கடலோர பங்களா இப்படித்தான் தங்கும் விடுதியானது. நெற்கிடங்கோ அரிசி ஆலையோ குடியிருப்பாக மாறுவது மிக அரிது. பூட்டிக் கிடக்கும் ஆலை கல்யாண மண்டபமாகும், அல்லது இடிபட்டு மனைகளாகும். உரிமையாளர்களுக்கு மரபின் அருமை தெரியவில்லை என்று குறை கூறுவோர் உண்டு. அது முழு உண்மை அன்று. தானியத்துக்காக எழுப்பிய சுவர் மனிதரை எளிதில் ஏற்பதில்லை.

பாபநாசத்தை ஒட்டிய திருப்பாலைத்துறைக் கோயிலின் நெற்களஞ்சியத்தைப் பார்த்தால் இது விளங்கும். தஞ்சை நாயக்கர் காலத்தில், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செங்கல்லால் கட்டப்பட்டது. சுமார் 35 அடி உயரம், 86 அடி சுற்றளவு. 3,000 கலம் நெல் கொள்ளும். நெல்லைப் போடவும் எடுக்கவும் மட்டுமே திறப்புகள். ஈரமும் எலியும் உள்ளே வராதிருப்பதே அதன் வெற்றி. வீட்டுக்கு வேண்டியது இதற்கு நேர்மாறானது.

இருபதாம் நூற்றாண்டு அரிசி ஆலைகளின் கிடங்குகளும் இதே இனம்தான். உயர்ந்த சுவர், கூரையை ஒட்டிச் சிறு காற்றுத் துளைகள், மேலே ஓடு அல்லது ஆஸ்பெஸ்டாஸ் தகடு. வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதிகளில் அறையின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு காற்றுக்கான திறப்பாக இருக்க வேண்டும் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பு கூறும் அளவு. மாணவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: 600 சதுர அடிக் கூடத்துக்கு 100 சதுர அடித் திறப்பு. பாரம் தாங்கும் பழைய செங்கல் சுவரில் இவ்வளவு பெரிய வெட்டு வெட்டினால் கூரை என்னாவது? ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை உடைத்து அகற்றினால் நுரையீரலுக்குக் கேடான நார்த்தூசு பறக்கும். பயன்பாட்டு மாற்றத்துக்குத் திட்ட அனுமதி பெறும் அலைச்சல் தனி.

இங்கே நியூயார்க்கின் சோஹோ பகுதியை முன்மாதிரியாகக் காட்டுவது வழக்கம். அங்கே பழைய தொழிற்கூட மாடிகளில் ஓவியர்கள் குடியேறினர். 1971இல் நகர விதியும் அதை ஏற்றது. ஆனால் அவை வேலைக்கு வெளிச்சம் தேவைப்பட்ட கட்டடங்கள். வரிசையாகப் பெரிய சாளரங்கள் முன்பே இருந்தன. நெல்லுக்கு வெளிச்சம் எதற்கு? அந்த முன்மாதிரியை அப்படியே தஞ்சைக்குக் கொண்டுவருவது பொருந்தாது.

ஆயினும் சோஹோவில் இல்லாத ஒன்று நம் ஆலைகளில் உண்டு: களம். அவித்த நெல்லைக் காயவைத்த அந்தத் திறந்த வெளி, தஞ்சை வீட்டு முற்றத்தின் பெரிய வடிவம். களத்தை நடுவில் விட்டு, அதைப் பார்த்த சுவரில் மட்டும் வாசல்களும் சாளரங்களும் திறந்து, தாழ்வாரம் இறக்கினால் பல குடும்பங்கள் வாழலாம். வீடாக்கத் துணிவோர் களத்தை மனையாக விற்றுவிட்டு, கிடங்கைத் தடுப்புச் சுவரால் கூறுபோட்டு, பொய்க்கூரை அடித்தால் எஞ்சுவது புழுக்கம். சூடான காற்று மேலேற இடம் தரும் உயரத்தை மறைத்துவிட்டு ஏசி வாங்குவது எந்தக் கணக்கில் சேரும்?

சரக்கும் குடியிருப்பும் ஒன்றாக இருந்த கட்டடம் இப்பகுதிக்குப் புதிதன்று. இரகுநாத நாயக்கரிடம் இசைவு பெற்று 1620இல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியில் எழுப்பிய டான்ஸ்போர்க் கோட்டையில் கீழ்த்தளம் கிடங்குகளுக்கு. மேல்தளத்தில் ஆளுநர் வசித்தார். 1845இல் ஆங்கிலேயர் கைக்குப் போன பிறகு அது பயணியர் மாளிகையாகவும், 1978க்குப் பின் தொல்லியல் துறையின் பொறுப்பில் அருங்காட்சியகமாகவும் ஆனது. மூன்று வாழ்க்கை, எதற்கும் அடிப்படைச் சுவர் இடிபடவில்லை. கடற்காற்று வரும் மாடியை மனிதருக்கும் இருண்ட தரைத்தளத்தைப் பொருளுக்கும் ஒதுக்கிய அந்தப் பங்கீடு இன்றும் கைக்கொள்ளத்தக்கது.

இன்னொரு தடையைச் சொல்லாமல் விடக்கூடாது. ஐப்பசி மழையில் கொள்முதல் நிலையங்களின் வாசலில் நெல் மூட்டைகள் நனைவது டெல்டாவில் திரும்பத் திரும்ப வரும் செய்தி. அப்படிப்பட்ட ஊரில் உறுதியான கிடங்கை வீடாக்குவது யாருக்கு ஆதாயம்? லாரி போய்வரும் சாலையில் நல்ல கூரையோடு நிற்பவை நெல்லுக்கே இருக்கட்டும். கும்பகோணம், தஞ்சை போன்ற நகரங்களின் குறுகிய தெருக்களில் லாரி திரும்ப இடமில்லாமல் பூட்டிக் கிடப்பவற்றில், களம் இன்னும் விற்கப்படாதவற்றை முதலில் எடுத்துக்கொள்ளலாம்.