பல்லைக் காப்பது கார்டா, கவனமா?

நியூசிலாந்து உள்நாட்டு ரக்பியில், பல்லைக் காக்க வாயில் அணியும் மவுத் கார்டு 1990களின் கடைசியில் படிப்படியாகக் கட்டாயமானது. 1993இல் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் அணிந்தார்கள். 2003இல் 93 சதவீதம். 1995க்கும் 2003க்கும் இடையே, ரக்பியில் பல் அடிபட்டதாக அரசு விபத்துக் காப்பீட்டுக்கு வந்த கோரிக்கைகள் 43 சதவீதம் குறைந்தன. விதியின் வெற்றிதான் இது என்று சொல்லத் தோன்றும். ஆனால், இது வீரருக்கு வீரர் ஒப்பிட்டுப் பெற்ற கணக்கல்ல, நாடு முழுவதற்குமான கணக்கு. அதே காலத்தில் பயிற்சியும் மாறியிருக்கலாம், ஆட்ட முறையும் மாறியிருக்கலாம் என்று ஒருவர் மறுத்தால், அது நியாயமான மறுப்புதான்.

அந்த மறுப்புக்கான பதிலை அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து தருகிறது. வாய்க்கு அளவெடுத்துச் செய்த கார்டு அணிந்தவர்களையும் அணியாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வொன்று 2002இல் வெளியானது. ஆயிரம் முறை களமிறங்கினால் அணியாதவர்களிடம் 0.67 பல் காயம், அணிந்தவர்களிடம் 0.12. இங்கும் சந்தேகம் எழும்: கார்டு போடுகிறவர் இயல்பிலேயே எச்சரிக்கையானவராக இருந்தால்? அப்படியானால் அவருக்குத் தலையில் அடிபட்டு மூளை அதிர்வதும், உதடு கிழிவதும் அதே வேகத்தில் குறைந்திருக்க வேண்டுமே. அவற்றில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. பல்லில் மட்டும்தான் இடைவெளி இவ்வளவு பெரிது. எச்சரிக்கைக்குப் பல்லை மட்டும் காக்கத் தெரியாது, கார்டுக்குத்தான் தெரியும். மூளை அதிர்ச்சியையும் தடுக்கும் என்று சொல்லி இதை விற்பவர்களுக்கு இந்த ஆய்வு ஆதாரம் தரவில்லை என்பதும் இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

எந்தக் கார்டு என்பதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். எத்திலீன் வினைல் அசிடேட் என்ற மென்மையான பிளாஸ்டிக், முழங்கை வந்து மோதும் விசையில் ஒரு பகுதியைத் தானே உள்வாங்கி, மீதியைப் பல பற்களுக்கும் பரப்பிவிடுகிறது. சுமார் 4 மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் இந்த வேலை நன்றாக நடக்கும். அதற்கு மேல் தடித்தால் பலன் அவ்வளவாகக் கூடுவதில்லை, தொந்தரவுதான் கூடும். வெந்நீரில் இளக்கிக் கடித்துப் பொருத்தும் மலிவு வகையில் சிக்கல் இங்கேதான். அழுத்திக் கடிக்கும்போது, அதிகம் அடிவாங்கும் முன்பற்களின் பக்கமே மெலிந்துபோகிறது. மூச்சு முட்டுகிறது, பேச முடியவில்லை என்று வீரர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால், அந்தக் குறை பெரும்பாலும் பொருந்தாத கார்டின் குறை. பல்லைக் கடித்துக்கொண்டே இருந்தால்தான் நிற்கும் ரெடிமேட் வகையை மாட்டிவிட்டு, “கபடி கபடி” என்று விடாமல் பாடச் சொன்னால் எந்த ரெய்டரும் துப்பிவிடத்தான் செய்வார். ஆகவே கபடியிலோ ஹாக்கியிலோ கட்டாய விதி கொண்டுவருபவர்கள், வாயில் கார்டு இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தக் கூடாது. முன்பல்லின் மேல் எத்தனை மில்லிமீட்டர் மிஞ்சியிருக்கிறது என்பதையும் பார்க்கச் சொல்ல வேண்டும். பல் முளைத்துக்கொண்டிருக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கு, போன வருடக் கார்டு இந்த வருடம் பொருந்தாது என்பதையும் அந்த விதி கணக்கில் எடுக்க வேண்டும். புதிதாகச் செய்யும் செலவைப் பெற்றோர் தலையில் கட்டாமல் விளையாட்டுச் சங்கங்களே ஏற்க வேண்டும்.